வாராக்கடனை விலைக்கு வாங்கிய கவுண்டி: பெருந்தொற்று மீட்பு நிதியில் ஒரு செலவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி: ஒருமுறை மட்டும் வந்த பணம்

2021 மார்ச் 11 அன்று அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்ட அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டத்தின் மொத்த மதிப்பு 1.9 லட்சம் கோடி டாலர். அதில் 35,000 கோடி டாலர் மாகாணங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பழங்குடி அரசுகளுக்கும் நேரடியாக ஒதுக்கப்பட்டது. மாகாணத்துக்குள் மாவட்டம் போல அமைந்த நிர்வாகப் பகுதிகளான கவுண்டிகளின் பங்கு 6,510 கோடி டாலர். அது மக்கள்தொகைக் கணக்கில் பிரிக்கப்பட்டது. சிகாகோ நகரை உள்ளடக்கிய குக் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 52 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். நாட்டில் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டிக்கு அடுத்த பெரிய கவுண்டி என்பதால், அதன் பங்கு ஏறத்தாழ 100 கோடி டாலராக அமைந்தது. அதில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, மக்கள் கட்டாமல் விட்ட மருத்துவக் கடனை அது வாங்கி அழித்ததே இங்கு ஆயப்படும் நிகழ்வு. இந்தக் கவுண்டியை நடத்துவது தேர்ந்தெடுக்கப்பட்ட 17 ஆணையர்களைக் கொண்ட வாரியமும், அப்போதும் இப்போதும் தலைவராக இருக்கும் டோனி பிரெக்விங்கிலும் ஆவர். நீதிமன்றங்கள், சிறை, சொத்து வரி ஆகியவற்றோடு, பணம் இல்லை என்று சொல்லி யாரையும் திருப்பி அனுப்பாத பொது மருத்துவமனைகளும் கவுண்டியின் பொறுப்பில் உள்ளன. மருத்துவச் செலவு ஏழைக் குடும்பங்களை என்ன செய்கிறது என்பதை அது அலுவல் முறையிலேயே அறிந்திருந்தது.

பணம் இரண்டு தவணைகளில் வந்தது. அதனுடன் காலக்கெடுக்களும் வந்தன. 2024 டிசம்பர் 31க்குள் ஒவ்வொரு டாலரும் ஒப்பந்தம், மானிய உடன்படிக்கை போன்ற ஏதேனும் ஒரு கடப்பாட்டுக்குள் வந்துவிட வேண்டும். 2026 டிசம்பர் 31க்குள் செலவழிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கருவூலத் துறைக்குத் திரும்பிவிடும். இவ்விரு தேதிகளும்தான் உள்ளாட்சிகளின் முடிவுகளை மற்ற எதையும்விட அதிகமாக வழிநடத்தின என்பது என் கணிப்பு. நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கினால் 2027இல் யார் சம்பளம் கொடுப்பது என்ற கேள்வி எழும். எனவே தொடங்கிய இடத்திலேயே முடிவும் தெரிகிற செலவுகளை நிதி அலுவலர்கள் தேடினார்கள்.

விதிகள் நான்கு வழிகளைத் திறந்து வைத்திருந்தன. பெருந்தொற்றின் உடல்நல, பொருளாதாரப் பாதிப்புகளுக்கு ஈடு செய்யலாம். அத்தியாவசியப் பணியாளர்களுக்குக் கூடுதல் ஊதியம் தரலாம். இழந்த வருவாயின் அளவுக்கு வழக்கமான அரசுப் பணிகளுக்குச் செலவிடலாம். குடிநீர், கழிவுநீர், அகலப்பட்டை இணையம் ஆகியவற்றில் முதலிடலாம். ஓய்வூதிய நிதியில் போடுவதும், அரசு தன் சொந்தக் கடனுக்குத் தவணை கட்டுவதும், சேமிப்பு நிதியை நிரப்புவதும் கூடாது. அரசு தன் கடனை இப்பணத்தால் அடைக்க முடியாது. தன் குடிமக்களின் கடனை அடைக்கலாம். இந்த நிகழ்வு முழுவதும் அந்த வேறுபாட்டின் மீதுதான் நிற்கிறது.

கவனிக்கப்பட்டது: கடனின் அளவும் அதன் விலையும்

நுகர்வோர் நிதிப் பாதுகாப்புக்கான கூட்டாட்சி அமைப்பு 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, 2021 ஜூன் நிலவரப்படி அமெரிக்கர்களின் கடன் வரலாற்றுப் பதிவுகளில் 8,800 கோடி டாலர் மருத்துவக் கடன் இருந்ததாகவும், வசூல் நிறுவனங்களின் கைக்குப் போன கணக்குகளில் 58 சதவீதம் மருத்துவக் கணக்குகளே என்றும் சொன்னது. பதிவில் ஏறாத கடன் இதற்கு வெளியே இருந்தது. அதே ஆண்டு வெளிவந்த ஒரு பெரிய இதழியல் ஆய்வு, குடும்ப உறவினரிடம் வாங்கிய கைமாற்றையும் கடன் அட்டையில் ஏற்றிய மருத்துவச் செலவையும் சேர்த்தால், ஏதோ ஒரு வடிவில் இக்கடனைச் சுமப்போர் 10 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. இச்சுமை எல்லார் மீதும் சமமாக இல்லை: அரசுக் கணக்கெடுப்புத் துறையின் 2017 தரவுகளில், மருத்துவக் கடன் உள்ள குடும்பங்கள் கறுப்பினத்தவரிடையே 27.9 சதவீதம், வெள்ளையரிடையே 17.2 சதவீதம்.

இக்கடன் சந்தையில் விற்கப்படுகிற ஒரு பொருள் என்பதைப் பலர் அறிவதில்லை. மருத்துவமனை ஒரு கட்டணச் சீட்டை அனுப்பும், நோயாளி கட்டமாட்டார், நினைவூட்டல்கள் போகும், சில மாதங்களுக்குப் பின் அது வாராக்கடன் பட்டியலில் சேரும். அந்தப் பட்டியல் ஆயிரக்கணக்கான பெயர்களோடு மொத்தமாக விலை பேசப்படும். வாங்குபவர் ஒரு டாலர் கடனுக்குச் சில சென்ட்டுகளே தருவார். கணக்கு பழையதாக இருந்தால் ஒரு சென்ட்டுக்கும் குறைவாகத் தருவார். அதன்பின் அவர் முழுத் தொகையையும் கேட்டு நோயாளியைத் தொலைபேசியில் துரத்துவார். நோயாளியிடம் 2,000 டாலர் என்று காட்டப்படுகிற கடன், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே 20, 30 டாலருக்குக் கைமாறியிருக்கும்.

வசூல் தொழிலில் இருந்த இருவர் 2014இல் தொடங்கிய நியூயார்க் தொண்டு நிறுவனம் ஒன்று, அப்போது ஆர்.ஐ.பி. மெடிக்கல் டெட் என்றும் 2024 முதல் அன்ட்யூ மெடிக்கல் டெட் என்றும் அழைக்கப்படுவது, இதே சந்தையில் இதே விலைக்குக் கடனை வாங்கி, வசூலிக்காமல் அழித்துவிடும் முறையைக் கையாண்டு வந்தது. தனியார் நன்கொடையை நம்பி நடந்த இந்த முறை அரசுப் பணத்துக்கும் பொருந்துமா என்ற கேள்வியை முதலில் எழுப்பிய உள்ளாட்சிகளுள் ஒன்று குக் கவுண்டி.

எடுத்த முடிவும் அதன் காரணங்களும்

2022இல் கவுண்டி தன் மீட்பு நிதியிலிருந்து 1.2 கோடி டாலரை மருத்துவக் கடன் நீக்கத்துக்கு ஒதுக்கி, அந்தத் தொண்டு நிறுவனத்துடன் இணைந்தது. அத்தொகையைக் கொண்டு 100 கோடி டாலர் வரையிலான கடனை அழிக்க முடியும் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. கவுண்டிக்குக் கிடைத்த மொத்த நிதியோடு ஒப்பிட்டால் இது நூற்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும் சிறு ஒதுக்கீடு.

முடிவுக்குப் பின்னிருந்த காரணங்களில் முதலாவது, இந்தச் செலவுக்குத் தொடர்ச்செலவு இல்லை என்பது. கடன் அழிந்ததும் வேலை முடிந்தது. 2027இன் வரவு செலவுத் திட்டத்தில் அது வந்து நிற்காது. இரண்டாவது காரணம் காலக்கெடுவைப் பற்றியது. தொண்டு நிறுவனத்துடன் மானிய உடன்படிக்கை கையெழுத்தானால் அந்தத் தொகை கடப்பாட்டுக்குள் வந்ததாகவே விதிகள் கொள்ளும். மருத்துவமனைகளுடன் பேச்சு நீண்டாலும் செலவழிக்க 2026 இறுதி வரை அவகாசம் இருந்தது. இதே வகையான உடன்படிக்கையைப் பரிசீலித்த எந்த உள்ளாட்சிக்கும் இது மதிப்புள்ள ஏற்பாடாக இருந்தது.

மூன்றாவது காரணம், யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை என்பது. இதன் அருமையை அதே கவுண்டியின் இன்னொரு திட்டத்தை வைத்துப் பார்த்தால்தான் உணர முடியும். அதே மீட்பு நிதியிலிருந்து 4.2 கோடி டாலர் ஒதுக்கி, 3,250 குடும்பங்களுக்கு மாதம் 500 டாலர் வீதம் இரண்டு ஆண்டுகளுக்குத் தரும் உறுதி வருமானத் திட்டத்தை அது நடத்தியது. 2022 அக்டோபரில் விண்ணப்பச் சாளரம் திறந்தபோது 2,33,000க்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். குலுக்கல் முறையில் 3,250 பேர் தேர்வானார்கள். அதாவது, விண்ணப்பித்தவர்களில் எழுபதுக்கு ஒருவர். படிவத்தை நிரப்பி, காத்திருந்து, ‘தேர்வாகவில்லை’ என்ற செய்தியைப் பெற்றவர்கள் இரண்டேகால் லட்சம் பேருக்கு மேல். அந்தத் திட்டம் தவறு என்று நான் சொல்லவில்லை. கிடைத்தவர்களுக்கு அது மாறாத மாத வருமானம். கடன் நீக்கத்திலோ நம்பி விண்ணப்பித்து ஏமாந்தவர் என ஒருவரும் இல்லை.

நடைமுறை: பட்டியலிலிருந்து அஞ்சல் பெட்டி வரை

ஒரு மருத்துவமனை சம்மதித்ததும் அது தன் வாராக்கடன் பட்டியலைத் தொண்டு நிறுவனத்திடம் தரும். நிறுவனம் அதை வருமான மதிப்பீடுகளோடு ஒப்பிட்டு, தகுதியுள்ள கணக்குகளைப் பிரித்தெடுக்கும். தகுதிக்கு இரண்டு வழிகள்: குடும்ப வருமானம் கூட்டாட்சி வறுமைக்கோட்டின் நான்கு மடங்குக்குள் இருக்க வேண்டும், அல்லது மருத்துவக் கடன் ஆண்டு வருமானத்தில் 5 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 2022இல் நால்வர் குடும்பத்துக்கு வறுமைக்கோடு 27,750 டாலர். எனவே 1,11,000 டாலர் வரை ஈட்டும் குடும்பமும் தகுதி பெற்றது.

இந்த இடத்தில் மற்ற உள்ளாட்சிகள் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல் இருக்கிறது. பெருந்தொற்றால் பாதிக்கப்பட்டதாகத் தனிச் சான்றில்லாமலேயே ஏற்கத்தக்க குடும்பங்கள் என்று கருவூலத் துறையின் இறுதி விதி வரையறுத்தது வறுமைக்கோட்டின் மூன்று மடங்கு வரை உள்ளவர்களை. தொண்டு நிறுவனத்தின் எல்லையோ நான்கு மடங்கு. இடையிலுள்ள குடும்பங்களுக்கான செலவை வேறு காரணம் காட்டி நியாயப்படுத்த வேண்டும், அல்லது வருவாய் இழப்பு என்ற மூன்றாவது வழியில் கணக்கெழுத வேண்டும். அறிக்கை எழுதும் நாளில் இதைக் கண்டுபிடிப்பதைவிட உடன்படிக்கை எழுதும் நாளில் தீர்த்துவிடுவது நல்லது.

கணக்குகள் வாங்கப்பட்டதும் பயனாளிக்கு ஒரு கடிதம் போகும். இந்நிறுவனத்தின் கடிதங்கள் பளிச்சென்ற மஞ்சள் உறையில் வருபவை என்று அறியப்பட்டவை. உள்ளே, எந்த மருத்துவமனையின் எந்தக் கணக்கு, எவ்வளவு தொகை, அது இனி இல்லை, நீங்கள் எதுவும் திருப்பித் தர வேண்டியதில்லை, இது நன்கொடை என்பதால் வரியும் இல்லை என்ற விவரம் இருக்கும். வசூல் நிறுவனங்களின் கடிதங்களைப் பிரிக்காமலே மேசை இழுப்பறையில் போட்டுப் பழகிய ஒருவர், முன்பின் அறியாத நிறுவனத்திடமிருந்து, தாம் கேட்காத உதவியைப் பற்றி வந்த உறையைப் பார்த்தால் முதலில் என்ன நினைப்பார்? மோசடி என்றுதான் நினைப்பார். அரசின் பெயரும், அழைத்துச் சரிபார்க்க ஒரு தொலைபேசி எண்ணும் கடிதத்தில் முன்னே இருக்க வேண்டியதன் தேவை அங்கே இருக்கிறது.

நடந்தவை

முதல் சுற்றில் ஏறத்தாழ 73,000 பேரின் 7.9 கோடி டாலர் கடன் நீங்கியதாக 2023இல் கவுண்டி அறிவித்தது. ஆளுக்குச் சராசரியாக ஆயிரம் டாலரைச் சற்றுத் தாண்டுகிறது. 2024க்குள் பயனாளிகள் 2 லட்சத்தைக் கடந்தார்கள். நீங்கிய கடன் 30 கோடி டாலரைத் தாண்டியது. ஒதுக்கியது 1.2 கோடி டாலர் என்பதை நினைவில் வைத்தால், இது சிறிய சாதனை அல்ல. ஆயினும் 100 கோடி என்ற தலைப்புச் செய்தி இலக்குக்கும் அதற்கும் இடையே தூரம் இருந்தது.

இத்தூரத்தின் காரணத்தைத் திட்டத்தின் அமைப்பிலேயே காணலாம். எந்த மருத்துவமனையையும் கடனை விற்கும்படி கவுண்டி கட்டாயப்படுத்த முடியாது. மருத்துவமனைகளிடமிருந்தே நேரடியாக வாங்க வழி பிறந்ததும் அண்மையில்தான். கூட்டாட்சி சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2020இல் தந்த கருத்துரைக்குப் பிறகே அது எளிதானது. ஒவ்வொரு மருத்துவமனையின் சட்டப் பிரிவும், தரவுப் பாதுகாப்புப் பிரிவும், நிதிப் பிரிவும் தனித்தனியே இசைய வேண்டும். அதன் விளைவு ஒரு விதத்தில் அநீதியானது: ஒரே தெருவில், ஒரே வருமானத்தில், ஒரே வகை அறுவைச் சிகிச்சைக்காகக் கடன்பட்ட இருவரில், சம்மதித்த மருத்துவமனைக்குப் போனவரின் கடன் அழிந்தது, மற்றவரின் கடன் அப்படியே இருந்தது. யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது நோயாளியின் தேவையைப் பொறுத்தோ கவுண்டியின் விருப்பத்தைப் பொறுத்தோ அமையவில்லை. விற்பவரின் சம்மதத்தைப் பொறுத்தே அமைந்தது.

இந்த முன்மாதிரி வேகமாகப் பரவியது. ஒகையோ மாகாணத்தில் டொலீடோ நகரமும் லூக்கஸ் கவுண்டியும் சேர்ந்து 16 லட்சம் டாலர் ஒதுக்கி 24 கோடி டாலர் வரை கடன் நீக்க முனைந்தன. கிளீவ்லாந்து 19 லட்சம் டாலரும், நியூ ஆர்லியன்ஸ் 13 லட்சம் டாலரும் மீட்பு நிதியிலிருந்து ஒதுக்கின. கனெக்டிகட் மாகாண அரசு 65 லட்சம் டாலரைத் தந்தது. ஒரு டாலருக்கு நூறு டாலர் என்ற கணக்கு எந்த மன்றக் கூட்டத்திலும் கேட்பதற்கு இனிமையாகவே இருக்கும்.

2024 ஏப்ரல்: ஓர் ஆய்வின் முடிவுகள்

அந்தக் கணக்கின் மீது கேள்வி எழுப்பியது, 2024 ஏப்ரலில் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு. அதே தொண்டு நிறுவனத்தின் ஒத்துழைப்போடு, 2018 முதல் 2020 வரை 83,401 பேரின் 16.9 கோடி டாலர் கடனைக் குலுக்கல் முறையில் நீக்கி, நீக்கப்படாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். கடன் நீங்கியவர்களின் மனநலமோ பொதுவான பொருளாதார நிலையோ சராசரியில் மேம்பட்டதாகத் தெரியவில்லை. வசூல் கணக்கு கடன் வரலாற்றுப் பதிவில் ஏறியிருந்தவர்களுக்குப் புதுக்கடன் பெறும் வாய்ப்பு சிறிதளவு கூடியது. கடன் நீங்கியவர்கள் தங்கள் பெயரிலிருந்த மற்ற மருத்துவக் கட்டணங்களைக் கட்டுவது சற்றே குறைந்தது. ஆய்வாளர்களே எதிர்பாராத முடிவு இது.

என் பார்வையில், இந்த முடிவைக் கொண்டு குக் கவுண்டி பணத்தை வீணாக்கியது என்று தீர்ப்புச் சொல்வது அவசரம். நீக்கப்பட்ட கடன் அக்குடும்பங்களின் மொத்தக் கடனில் ஒரு துண்டு மட்டுமே. எப்படியும் கட்ட முடியாது என்று அவர்கள் கைவிட்டிருந்த துண்டு அது. கட்டாத கடன் அழிந்தால் கையில் காசு கூடுவதில்லை. கடன் வரலாற்று வழியாக வரக்கூடிய நன்மையும் சுருங்கிக்கொண்டிருந்தது: மூன்று பெரிய கடன் வரலாற்று நிறுவனங்கள் 2022 ஜூலை முதல் ஓராண்டு ஆகாத மருத்துவ வசூல் கணக்குகளையும், 2023 ஏப்ரல் முதல் 500 டாலருக்குக் குறைந்தவற்றையும் பதிவிலிருந்து எடுத்துவிட்டன. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அழித்த கடனின் முகமதிப்பை வெற்றியின் அளவுகோலாகக் காட்டியது தவறு. சந்தையே நூறில் ஒரு பங்கு விலை வைத்த பொருளுக்கு நூறு பங்கு நன்மை இருப்பதாகக் கணக்குக் காட்டக் கூடாது. வழக்கு, சம்பளப் பிடித்தம், தொல்லை தரும் அழைப்புகள் ஆகியவற்றிலிருந்து எத்தனை பேர் மீண்டார்கள் என்பதுதான் மக்களுக்குச் சொல்லப்பட வேண்டிய எண்.

மறுபடி செய்வதானால் மாற்ற வேண்டியவை

முதல் மாற்றம், கடன் வாங்கும் உடன்படிக்கையில் மருத்துவமனைக்கு ஒரு நிபந்தனை. லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் எழுத்து வடிவிலான உதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்றும், நோயாளி விண்ணப்பிக்க முதல் கட்டணச் சீட்டிலிருந்து 240 நாள் அவகாசம் தர வேண்டும் என்றும் கூட்டாட்சி வரிச் சட்டம் முன்பே சொல்கிறது. கவுண்டி அழித்த கணக்குகளில் ஒரு பகுதி, அந்த உதவி ஒழுங்காகத் தரப்பட்டிருந்தால் கடனாகவே ஆகியிருக்காது என்று நினைக்கக் காரணம் உண்டு. பொதுப் பணம் பழைய பட்டியலைச் சுத்தம் செய்து தரும்போது, அடுத்த பட்டியல் எப்படி உருவாகிறது என்று கேட்கும் உரிமையும் அதனுடன் வர வேண்டும். இல்லினாய் மாகாணம் இதைச் சட்டத்தின் வழி செய்தது: காப்பீடில்லாத நோயாளிகள் அரசுக் காப்பீட்டுக்கோ மருத்துவமனையின் உதவிக்கோ தகுதி உள்ளவர்களா என்று, வசூலில் இறங்கும் முன்பே மருத்துவமனையே பார்க்க வேண்டும் என்ற விதி 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மாகாணம் தானும் 1 கோடி டாலர் ஒதுக்கி, கவுண்டி காட்டிய வழியில் கடன் நீக்கத்தைத் தொடங்கியது.

இரண்டாவது, மருத்துவமனைகளின் சம்மதத்தை முன்கூட்டியே பெறுவது. இலக்கை அறிவித்துவிட்டு விற்பவரைத் தேடுவதற்குப் பதில், இரண்டு மூன்று பெரிய மருத்துவமனைக் குழுமங்களின் ஒப்புதல் கடிதத்தோடு வாரியத்தின் முன் போயிருந்தால், இலக்கும் நடைமுறையும் இவ்வளவு விலகியிருக்காது. வட கரோலினா மாகாணம் 2024இல் எடுத்த வழி இதற்கு இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. அது கடனை விலைக்கு வாங்கவில்லை. ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டின் கூடுதல் தொகையைப் பெற விரும்பும் மருத்துவமனைகள் பழைய கடன்களைத் தாமே நீக்க வேண்டும், புதிய நோயாளிகளுக்கு உதவித் தகுதியைத் தாமே சோதிக்க வேண்டும், வசூலில் சில எல்லைகளை ஏற்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மாகாணத்தின் தகுதியுள்ள 99 மருத்துவமனைகளும் ஒப்புக்கொண்டன. சுமார் 20 லட்சம் பேரின் 400 கோடி டாலர் கடன் அதன் வரம்புக்குள் வந்தது. இத்தகைய பிடி ஒரு கவுண்டியின் கையில் இல்லை என்பது உண்மையே. ஆனால் சொந்தமாகப் பொது மருத்துவமனைகளை நடத்தும் கவுண்டி, மற்ற மருத்துவமனைகளோடு பேசும்போது வெறும் வாங்குபவராக மட்டும் போய் அமர வேண்டியதில்லை.

மூன்றாவது, தொலைபேசியின் மறுமுனையில் உதவ ஓர் ஆள். கடிதம் பெற்றவரின் ஒரு கணக்கு அழிந்திருக்கும். இன்னும் மூன்று கணக்குகள் இருக்கலாம். அவர் கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்கும் அந்த நிமிடம்தான், அரசுக் காப்பீட்டில் சேர்ப்பதற்கும், மீதிக் கணக்குகளுக்கு மருத்துவமனை உதவியை விண்ணப்பித்துத் தருவதற்கும் கிடைக்கும் வாய்ப்பு. 1.2 கோடியில் ஒரு சிறு பகுதியை 2026 இறுதி வரை இதற்கென ஒதுக்கியிருந்தால், சில ஆயிரம் பேருக்கேனும் மஞ்சள் உறை ஒரு நல்ல செய்தியோடு நின்றுவிடாமல், அடுத்த முறை அவர்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவின் முகப்புக்குப் போகும்போது கையில் ஒரு காப்பீட்டு அட்டையாக மாறியிருக்கும்.